ஞாயிறு கூட்டம்: உள்ளூர் போலீசும் குடிவரவுச் சோதனையும்

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் சிறை நடத்தும் ஷெரிஃப்கள் (கவுண்டி காவல் தலைவர்கள்) 2026 டிசம்பர் 1-க்குள் 287(ஜி) ஒப்பந்தம், அதாவது உள்ளூர் போலீசும் குடிவரவுச் சோதனை செய்ய மத்தியக் குடிவரவுத் துறையோடு (ICE) போடும் ஒப்பந்தம், செய்தாக வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். காலாவதியான ஓட்டுநர் உரிமத்துக்காகப் பிடிபட்டுச் சிறைக்குப் போனாலும், அங்கேயே குடிவரவு நிலையைத் துருவ முடியும். (சென்ற மாதம் என் உரிமமே முடிந்திருந்தது!)

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு ஜூமில் வழக்கறிஞர் ஒருவர் விளக்குகிறார்.

1. உரிமத்தின் முடிவுத் தேதியை இன்றே பாருங்கள்.
2. 18 வயது நிரம்பியவர்கள் கிரீன் கார்டையோ ஐ-94 படிவத்தையோ (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) உடன் வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.
3. போலீஸ் நிறுத்தினால் உரிமத்தைக் காட்டுங்கள். பிறந்த நாடு பற்றிக் கேட்டால் பேசாதிருக்க உரிமை உண்டு. பொய் மட்டும் வேண்டாம்.
4. வழக்கறிஞர் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். சிறையில் கைப்பேசி கிடைக்காது.

வருபவர்கள் வெள்ளிக்குள் பதிலிடுங்கள். விசா விவரங்களைக் குழுவில் போடாதீர்கள்.