பெர்லின்ல இருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன், நீங்க, அம்மா, பாட்டி எல்லாரும் சௌக்கியம்னு நம்புறேன். இங்க டிசம்பர், நாலு மணிக்கெல்லாம் சூரியன் போயிடுது, அதுக்கு முன்னாடியே லைட் போட்டாதான் வேலை ஓடும். போன வாரம் போன்ல "ஏம்மா, ஆர்டர் இல்லாத நாள்ல என்னதான் பண்ணிட்டிருக்க"ன்னு கேட்டீங்க, அதுக்குள்ள லைன் கட் ஆயிடுச்சு, அது போன்ல ரெண்டு நிமிஷத்துல சொல்ற விஷயமும் இல்ல, அதான் எழுதுறேன். படம் போட ஆர்டர் இல்லாத நாள்லதான்ப்பா நான் நிறைய வேலை பாக்குறேன்.

காசு விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா மிச்சத்தை நீங்க கவலையோடயே படிப்பீங்க. இங்க தனியா தொழில் பண்ற ஆர்டிஸ்ட்டுங்களுக்குன்னே 1983ல இருந்து கேஎஸ்கேன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. மெடிக்கல் இன்சூரன்ஸ், பென்ஷனுக்கு கட்ட வேண்டியதுல பாதியை நாங்க கட்டணும், 30 சதவீதம் எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட வேலை வாங்குற கம்பெனிங்க, 20 சதவீதம் அரசாங்கம். அதனால பல்லு வலின்னா பயமில்லாம டாக்டர்கிட்ட போறேன். வாடகைதான் ஜாஸ்தி, அதுக்குதான் ரெண்டு பொண்ணுங்களோட சேர்ந்து வீடு எடுத்திருக்கேன்.

இப்போ உங்களுக்கு பிடிச்ச விஷயம். இங்க ஒரு ஷேரிங் ஒர்க்‌ஷாப்ல ரிசோகிராஃப்னு ஒரு மெஷின் இருக்கு, ஜப்பான்காரங்க 1980கள்ல ஆபீஸ், ஸ்கூலுக்கெல்லாம் மலிவா நோட்டீஸ் அடிக்கறதுக்கு கொண்டு வந்தது. வெளிய பாத்தா ஜெராக்ஸ் மெஷின், உள்ள நடக்குறது சைக்ளோஸ்டைல்தான், மெல்லிசான மாஸ்டர் தாள்ல சூட்டால பொடிப்பொடியா ஓட்டை போட்டு அதை இங்க் டிரம் மேல சுத்திக்கும், டிரம் சுத்த சுத்த அந்த ஓட்டை வழியா இங்க் பேப்பர்ல இறங்கும். எங்க மெஷின்ல ஒரு தடவைக்கு ஒரு கலர்தான், ரெண்டாவது கலருக்கு டிரம்மை மாத்தி அதே பேப்பரை திரும்ப விடணும். நம்ம திருவல்லிக்கேணி பெரிய தெரு இஸ்திரி வண்டியை பிங்க், நீலம் ரெண்டே கலர்ல போஸ்ட்கார்டா அடிச்சேன், ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு விழுந்த இடத்துல ஒரு கத்திரிப்பூ கலர் வந்துச்சு பாருங்க, கரி அடுப்பு மேல வர்ற சூடு கண்ணுக்கு தெரியுற மாதிரி. ரெஜிஸ்ட்ரேஷன், அதான் ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்கார்றது, மயிரிழை தள்ளிப் போயிருக்கும், நம்ம பிரிண்டிங் கடையில நீங்க இதை வேஸ்ட் கட்டுல போட்டிருப்பீங்க. எனக்கு அந்த விலகல் ரொம்ப பிடிச்சிருக்கு, கை வெச்சு அடிச்சதுன்னு அதுதான் சொல்லுது. இங்க் காயறதுக்குதான் நேரம் எடுக்கும், விரல் வெச்சா ஒட்டும், பார்சல்ல வர்றப்போ பாத்து பிரிங்க.

அப்புறம் இந்த ஊர்ல தெருவோரத்துல பழைய போட்டோ பூத்துங்க இன்னும் நிக்குது. காசு போட்டா நாலு தடவை ஃப்ளாஷ் அடிக்கும், சில நிமிஷத்துல பிளாக் அண்ட் ஒயிட்ல நாலு படம் ஒரே நீள பட்டையா ஈரமா வெளிய விழும், நெகட்டிவ்னு ஒன்னு கிடையாது, ஒவ்வொன்னும் ஒரே காப்பிதான். நாலு படம்னா நாலு கட்டம், நாலு கட்டம்னா ஒரு கதை சொல்லிடலாமேன்னு தோணுச்சு. பாட்டி காபி ஆத்துறதை எடுத்தேன்ப்பா! ஊர்ல இருந்து கொண்டு வந்த டவரா டம்ளர், நடுவுல காபிக்கு பதிலா பிரவுன் கலர் உல்லன் நூல், முதல் படத்துல நூல் ஒரு சாண், அடுத்ததுல ஒரு முழம், மூனாவதுல டம்ளர் படத்துக்கு மேலயே போயிடும், நாலாவதுல நான் குடிக்கிறேன். ஃப்ளாஷுக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவுல சில செகண்ட்தான், அதுக்குள்ள நூலை இழுத்து விடணும், கை ஆடக்கூடாது. ஞாயித்துக்கிழமை மவர்பார்க் சந்தையில இதை வெச்சிருந்தப்போ ஒரு சின்ன பதிப்பகத்தம்மா ரொம்ப நேரம் கையில வெச்சு பாத்துட்டு, குழந்தைங்க புக் ஒன்னுக்கு படம் போட சொல்லியிருக்காங்க. யாரும் கேக்காம பண்ண ஒன்னுல இருந்துதான்ப்பா அந்த ஆர்டர் வந்துச்சு. 1966ல ஓவியர் பணிக்கர் கூட சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சவங்களும் மெழுகு வெச்சு சாயம் போடற பாத்திக் துணி பண்ணி வித்த காசுலதானே நிலம் வாங்குனாங்க, அந்த வரலாறு நம்ம ஊர்லயே இருக்கு.

ராத்திரியில நிழல் பொம்மை படம் எடுக்குறேன். இந்த ஊர்ல பொறந்த லோட்டே ரைனிகர்னு ஒரு அம்மா, வெறும் கத்தரிக்கோலும் கருப்பு அட்டையும் வெச்சு 1926லயே முழுநீள அனிமேஷன் படம் பண்ணியிருக்காங்க, பக்கத்துல பாட்ஸ்டாம்ல ஒரு ஷெட்டுல மூனு வருஷம் உக்காந்து. அவங்க கத்தரிச்ச விரல்களை பாத்தா நம்ம தோல்பாவைக்கூத்துக்காரங்களோட உக்காந்து பேசியிருக்கணும்னு தோணும். நான் 29சி பஸ்ஸை பண்ணிட்டிருக்கேன், ஃபுட்போர்டுல தொங்குறவர் கை தோள்ல, முழங்கையில, மணிக்கட்டுல தனித்தனியா மெல்லிசு கம்பியில கோத்திருக்கு, கீழ இருந்து லைட், மேல கேமரா. பத்து செகண்ட் ஓடணும்னா செகண்டுக்கு 12 வீதம் 120 போட்டோ, ஒவ்வொன்னுக்கும் அவர் லுங்கியை ஒரு நூல் அளவு தூக்கணும். பஸ் இன்னும் பெரம்பூரையே தாண்டல.

கடைசியா அம்மாவுக்கு ஒரு வேலை. ப்ளூ பிரிண்ட் கேள்விப்பட்டிருக்கீங்க இல்ல, மருந்து தடவுன பேப்பர்ல வெயில் பட்ட இடம் நீலமா ஆகும், அந்த முறையை 1842ல ஹெர்ஷல்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடிச்சார், ஆனா அந்த நீலம் 1706 வாக்குல இதே பெர்லின்ல டீஸ்பாக்னு ஒருத்தர் சிவப்பு பண்ணப் போய் வந்தது. நீலம் இந்த ஊரோடது, வெயில்தான் இங்க இல்ல. அதனால மருந்து தடவுன பேப்பரை கருப்பு கவர்ல போட்டு அனுப்புறேன். கவரை ரூம்ல ஜன்னல் சாத்திட்டு பிரிங்க. அம்மா அது மேல புள்ளி வெச்சு சிக்கு கோலம் போடணும், பச்சரிசி மாவுலதான், கல்லு மாவுல சுண்ணாம்பு கலந்திருந்தா நீலம் வெளுத்துடும். கோடு நல்லா தடிமனா இருக்கட்டும். ஒரு தட்டு மேல வெச்சு போட்டுட்டு அப்படியே அலுங்காம மொட்டை மாடிக்கு கொண்டு போங்க, தண்ணி டேங்குக்கு பக்கத்துல காத்து கம்மி. பதினொரு மணி வெயில்ல பத்து நிமிஷம் போதும், மஞ்சப் பச்சையா இருக்கற பேப்பர் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், அப்போ மாவை தட்டிட்டு பக்கெட் தண்ணியில மஞ்ச தண்ணி நிக்கற வரைக்கும் அலசி நிழல்ல காய வெச்சுடுங்க. கோலம் வெள்ளையா நிக்கும், சுத்தி நீலம், மறுநாள் இன்னும் கெட்டியாகும்.

ஒவ்வொன்னு பின்னாடியும் தேதியும், எத்தனை நிமிஷம் வெயில்ல இருந்துச்சுன்னும் நீங்க பென்சில்ல எழுதுங்கப்பா, கடை ஜாப் கார்டுல எழுதுவீங்களே அதே மாதிரி. திருப்பி அனுப்பறப்போ ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு அனுப்புங்க. ஆண்டர்சன் ஸ்ட்ரீட் பக்கம் போனா கொஞ்சம் தங்க ஜிகினா பேப்பரும் வாங்கி சேர்த்து வைங்க, அது இங்க கிடைக்கவே மாட்டேங்குது.

உங்க அன்பு மக