மூன்று நாள் லீவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் பில்டிங்கில் கீழ்த்தளத்தில் இருக்கும் கழுகுமலைத் தம்பி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சார்ஜா திரும்புகிறார். அவரிடம் கடலைமிட்டாய் இரண்டு கிலோ, பருப்புப்பொடி, சுண்டவற்றல் கொடுத்துவிட்டிருக்கிறோம். பொடியை வந்தவுடன் வேறு டப்பாவில் மாற்றிவிடு, எறும்பு ஏறிவிடும்.

போனில் பேசினால் "எல்லாம் நல்லாயிருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

2022 ஜனவரியில் உங்கள் ஊரில் வாரத்துக்கு நாலு நாள் பள்ளிக்கூடம் என்று மாற்றியபோது நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? துபாயில்கூட வெள்ளிக்கிழமை அரை நாள் உண்டு, சார்ஜாவில் அதுவும் இல்லை. வியாழன் விட்டால் திங்கள்தான். "பிள்ளைகள் உருப்பட்டாற்போலத்தான்" என்றேன். டீக்கடையில் "என் மகளுக்கு மூன்று நாள் லீவாக்கும்" என்று அளந்ததும் நானேதான்.

இங்கே கதை தலைகீழ். 2024-ல் 220 வேலை நாள் என்று நாட்காட்டி போட்டுச் சனிக்கிழமைகளையும் உள்ளே இழுத்தார்கள். சங்கங்கள் சத்தம் போட்டபிறகு 210 ஆயிற்று. கல்வி உரிமைச் சட்டத்தில் அஞ்சாவது வரை 200 நாள், எட்டாவது வரை 220. வாத்தியாருக்கு வாரம் 45 மணி நேரம், பாடம் தயாரிப்பதும் அதற்குள்ளேயே. அந்த 45-ஐ யார் கண்ணால் பார்த்தார்கள்? ஆனால் நம் பக்கத்தில் ஒரு நாளைக் குறைத்தால் அன்றைக்குச் சத்துணவும் முட்டையும் போச்சு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவாள்? குறைக்கச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும். சரி, உனக்குத் தெரியாததா.

கேட்க வந்தது வேறு. அந்த மூன்று நாளும் நீ ஓய்வெடுக்கிறாயா? நாலு நாளானதும் ஒவ்வொரு நாளும் நீண்டுவிட்டது என்று நீதான் சொன்னாய். முன்பு வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுவாய். இப்போது வெள்ளி ட்யூஷன், சனி ட்யூஷன், ஞாயிறு நோட்டுத் திருத்துவது. அங்கே தனியாக ட்யூஷன் எடுக்க அனுமதி வாங்கவேண்டும் என்று 2023 டிசம்பரில் படித்தேன். வாங்கிவிட்டாயா? கேட்டேன் என்று கோபப்படாதே. மாடி கட்டிய கடனுக்கு நீ அனுப்புவதை ஆறு மாதம் நிறுத்திவை. பென்ஷன் வருகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வெடு.

மாப்பிள்ளையோடு பேசி இரண்டு மாதமாகிறது. அவருக்கு வேலை இருக்கும். சின்னவனைத் தினமும் பள்ளி வேனிலிருந்து இறக்கிக் கூட்டிப்போவது மாப்பிள்ளைதானாம். "நல்ல மனுசன், சார்" என்றார் கழுகுமலைத் தம்பி. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. பணத்தை நிறுத்திவை, பாப்பா.

உனக்கு ஓய்வைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று எழுதும்போதே தோன்றுகிறது. அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். பத்தாவது ஸ்பெஷல் கிளாசில் தூங்கிவிட்டாய் என்று கணக்கு டீச்சர் வந்து சொன்னதும் உன்னைக் கொடிக்கம்பத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். எச்.எம். மகளுக்குத் தனிச் சட்டம் இல்லை என்று ஊருக்குக் காட்டவேண்டியிருந்தது. இரண்டு பீரியட். ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது. கட்டிக்கொள்ள நீ கையைத் தூக்கவில்லை. ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வா என்று கூப்பிடவில்லை. ராத்திரி காய்ச்சல் 103. "வெயிலில் விளையாடியிருப்பாள்" என்றேன் அம்மாவிடம். நீயும் "ஆமாம்மா" என்றாய். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதற்கு முந்தின நாலு சனிக்கிழமையும் உங்களுக்கு லீவு விடவில்லை நான். அந்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. கேடயம் மாடி அலமாரியில் கறுத்துப்போய்க் கிடக்கிறது.

முடியவில்லை என்று என்னிடம் சொல்வதை அன்றைக்குத்தான் நீ விட்டாய்.

வியாழக்கிழமை ராத்திரி பேசு. ஒன்பதரைக்கு அம்மா படுத்துவிடுவாள், உங்களுக்கு அப்போது எட்டு மணி. நான் ஒன்றும் கேட்கமாட்டேன், சும்மா பேசு. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவரிடமும் கொடு.

டப்பா மாற்ற மறக்காதே.

இப்படிக்கு,
அப்பா