பாகம் மாறியது, எண் மாறவில்லை

ஆசிரியருக்கு,

ஜெனரல் மோட்டார்ஸ் வரலாற்றை 1908 தொடக்கம், 2009 திவால் என்று எழுதுபவர்கள், 2014-இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வைத்த இக்னிஷன் சுவிட்சை, அதாவது சாவியைத் திருப்பி என்ஜினை இயக்கும் சுவிட்சை, ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் பெயர் மிக மோசமாகக் கெட்டது அதில்தான்.

செவ்ரோலெட் கோபால்ட், சாட்டர்ன் ஐயான் போன்ற கார்களில், சாவியை நிலையில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் குட்டையாக இருந்தது, பிடிமானம் போதவில்லை. கனத்த சாவிக்கொத்து இழுத்தாலோ முழங்கால் இடித்தாலோ சாவி என்ஜின் ஓடும் 'ரன்' நிலையிலிருந்து, ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் 'அக்சசரி'க்கு நழுவும். என்ஜின் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங் போய்விடும், மோதும்போது ஏர்பேக் விரியாது. 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2006-இல் நீளமான ஸ்பிரிங்குக்கு ஒப்புதல் தந்தவர்கள் சுவிட்சின் பாக எண்ணை மாற்றவில்லை; பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்தன. பிந்தைய மாடல்களில் மட்டும் கோளாறு இல்லாதது ஏன் என்று விசாரித்த பொறியாளர்களே பல ஆண்டுகள் தடுமாறினார்கள். பழைய சுவிட்ச் பழுதுபார்ப்பு வழியாகப் புதிய கார்களுக்குள்ளும் போயிருக்கலாம் என்பதால் 2008 முதல் 2011 வரையிலான மாடல்களையும் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. சுவிட்சை மாற்றும்வரை, வளையத்திலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாவியை மட்டும் போட்டு ஓட்டச் சொன்னார்கள்.