பயந்தால் ஒரு வினை, தெரிந்தால் ஒரு வினை

பலேர்மோ

அன்புள்ள சுபா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

குடியுரிமைக்கான பி1 நிலை இத்தாலிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறாய், பயம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும்போது வினை எடுக்கும் தனி வடிவமான கொன்ஜுந்தீவோவில் வந்து நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். இத்தாலிய இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்.

மழை பெய்கிறது என்றால் 'பியோவே'. மழை வந்துவிடுமோ என்று பயந்தால் 'ஓ பௌரா கே பியோவா'. நம் 'வந்துவிடுமோ'வில் ஓகாரம் செய்கிற வேலையை அவர்களுக்கு வினையின் கடைசி எழுத்தே செய்துவிடுகிறது. நிச்சயமில்லாததற்குக் கொன்ஜுந்தீவோ என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சந்தோஷத்தில் மாட்டிக்கொள்வாய். 'ஸோனோ ஃபெலீச்சே கே து ஸீயா க்வீ', நீ இங்கே இருப்பது எனக்குச் சந்தோஷம். நீ கண்முன்னே நிற்கிறாய், அதில் என்ன சந்தேகம்? ஆனாலும் 'இருக்கிறாய்' என்ற சாதாரண வினையான 'ஸேய்' வராது, கொன்ஜுந்தீவோவான 'ஸீயா'தான். நீ வந்திருப்பது நம் இருவருக்கும் தெரிந்த சங்கதி. அது என் மனதை என்ன செய்தது என்று சொல்லத்தான் அந்த வாக்கியம் என்று நான் விளங்கி வைத்திருக்கிறேன். வருத்தமும் ஆச்சரியமும் இதே வழிதான். ஆனால் 'மேனோ மாலே', அதாவது நல்லகாலம், என்று தொடங்கினால் சாதாரண வினையே போதும்.

அப்புறம், பயப்படுகிறவரும் விழப்போகிறவரும் ஒரே ஆள் என்றால் கொன்ஜுந்தீவோ வேண்டாம்: 'ஓ பௌரா தி காதேரே', விழுந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். நீ விழுந்துவிடுவாயோ என்று நான் பயந்தால் 'ஓ பௌரா கே து காதா'. 'நீ' என்று பொருள்படும் அந்த 'து'வை விட்டுவிடாதே. நான், நீ, அவர் மூன்றுக்கும் 'காதா'தான் என்பதால், அது இல்லாவிட்டால் விழப்போவது யார் என்று தெரியாது. நேற்றுப் பட்ட பயம் என்றால் 'அவேவோ பௌரா கே து காதேஸ்ஸி'.

திரைச்சீலை மாற்ற நான் கதிரையில் ஏறினால், நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா ஓடிவந்து கதிரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி 'ஓ பௌரா கே காதி' என்று சாதாரண வினையிலேயே சொல்வார். ஆசிரியையான மகள் 'கே து காதா, மம்மா' என்று திருத்துவார். அந்த அம்மாவிடம் பிழை பிடிக்க எனக்கு மனம் வராது. அவர் பிறந்து வளர்ந்த சிசிலிய மொழியில் நிகழ்காலக் கொன்ஜுந்தீவோ ஏறக்குறைய இல்லை. ஆனால் பரீட்சைத் தாளில் மகள் சொல்வதையே எழுது.

ஸீயா (இரு), அப்பியா (வைத்திரு), வாதா (போ), ஃபாச்சா (செய்), போஸ்ஸா (முடியும்), இந்த ஐந்து கொன்ஜுந்தீவோ வடிவங்களையும் முதலில் மனப்பாடம் செய். நாளாந்தப் பேச்சில் அடிக்கடி வருவது இவைதான்.

செப்டம்பர் 4 பலேர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் திருநாள். நம் ஆட்கள் சைவக்காரர், வேதக்காரர் என்றில்லாமல் அவருடைய கோயில் இருக்கும் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறுவார்கள். நீயும் வருவதென்றால் முன்கூட்டியே சொல், நான் லீவு கேட்க வேண்டும்.

அன்புடன்,
மாலா