அக்கா, கதை மேடானில்தான் தொடங்குகிறது

அன்புள்ள அக்கா,

நாம் ஐந்து பேரும் கூடி, வாசிப்பதைப் பற்றிப் பேசுவது நின்று இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். ஏன் நின்றுபோனது, யார் முதலில் பேசாமல் இருந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நம்மோடு இருந்த மற்ற மூன்று பேரும் இதைப் படிப்பார்கள், அதனால் சிலவற்றை இங்கே எழுதவில்லை. அன்றைக்குக் காரில் நீங்கள் சொன்னது அதில் ஒன்று.

போன வாரம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை முடித்துவிட்டேன். நிஜமாகவே முடித்துவிட்டேன். மூடி வைத்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது, வேறு யாருமே நினைவுக்கு வரவில்லை.

அங் மோ கியோ நூலகத்துக்கு வெளியே நாம் ஐந்து பேரும் நின்றுகொண்டு, இந்த மாதம் யார் என்ன வாசிக்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தோம். என் முறை வந்தது. கையில் அந்தப் புத்தகம் இருந்தது. இரவல் கெடு 21 நாள் முடிந்து, புதுப்பித்து, இன்னொரு 21 நாளும் முடியப்போகிற நேரம், நானோ பத்துப் பக்கம்கூடப் போகவில்லை, முதல் பக்கங்களில் கண் ஓடியதே தவிர மனசில் ஒன்றும் நிற்கவில்லை. பாதி வந்துவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் ஆசையாக, "ஆரம்பத்துல அந்த ஊரு எப்படி வந்திருக்கு, பார்த்தியா?" என்று கேட்டீர்கள். போர்க்காலத்து நாவல் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். "நம்ம சிங்கப்பூரை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டு வந்துட்டாருக்கா" என்றேன்.

நீங்கள் எதுவும் சொல்லவில்லை. என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அட்டைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள், அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார். யார் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் அக்கா.

பொய் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு குடும்ப நாவலை மூன்றாவது தடவையாக வாசிக்கிறேன் என்று நான் சொன்னபோது, எல்லார் முன்னாலும் "இன்னுமா இதெல்லாம்?" என்று சிரித்தீர்கள். அந்த வாரம் அம்மா மருத்துவமனையில். ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முடிவு தெரிந்த கதையை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது. ஏன் இதை வாசிக்கிறாய் என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பிறகு எனக்குப் பொய்யே தேவைப்பட்டிருக்காது. எதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து, உண்மையில் வாசிப்பதைச் சொல்லவே எனக்குப் பயம் வந்துவிட்டது.

அதே நீங்கள்தான், வாசிப்பையே விட்டிருந்த எனக்கு வாரம் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து நின்றவர். அதை நான் மறக்கவில்லை.

இந்த முறை ஈசூனில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் வரைக்கும், நின்றுகொண்டே, மூன்று பக்கம் நான்கு பக்கமாக வாசித்தேன். மேடானுக்குள் ஜப்பான்காரன் படை நுழைகிறது, ஊரே வேடிக்கை பார்க்க நிற்கிறது. நான் சொன்ன சிங்கப்பூர் அங்கே இல்லவே இல்லை, சுமத்ராவில் ஆரம்பிக்கிறது கதை. கதாநாயகன் பாண்டியன் தன் ஊரை நினைக்கிற பக்கங்களில் இறங்க வேண்டிய நிலையம் போனதே தெரியவில்லை. சிங்காரமே 18 வயதில் மேடானுக்கு வேலைக்குப் போனவர் என்று நீங்கள்தான் ஒரு தடவை சொன்னீர்கள், அன்றைக்கு அது எனக்கு வெறும் தகவலாக இருந்தது. எழுதியது இரண்டே நாவல், இது புத்தகமாக வந்தது 1972இல், பேசப்பட்டதோ ரொம்பப் பிந்தி. அத்தனை வருஷம் இந்தப் பக்கங்களைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேச எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது தாங்கவில்லை. பினாங்கில் நண்பர்கள் குடித்துக்கொண்டு தமிழைப் பற்றி விடாமல் பேசுகிற இடத்தில் நாம் ஐந்து பேரும் ஞாபகத்துக்கு வந்தோம். நம்மிடம் இருந்தது தேநீர் மட்டும்தான், ஆனால் அதே சத்தம். அதற்கு மேல் அன்றைக்கு வாசிக்கவில்லை.

இப்போது வாசிப்பது அவருடைய 'கடலுக்கு அப்பால்', இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறேன். கூடவே அந்தக் குடும்ப நாவலையும் நான்காவது தடவையாக எடுத்திருக்கிறேன், அம்மா இப்போது தேறிவிட்டார், ஆனாலும் எனக்கு அது வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் உங்களிடம் சொல்கிறேன். கேளுங்கள் அக்கா, எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும்.