ஆர்த்ரோகிராம் கிளெய்ம்களில் தொடரும் கோடு தவறுகள் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், மருத்துவ பில்லிங் பிரிவு
அனுப்புநர்: நிர்வாகம், இமேஜிங் மையம்
பொருள்: மூட்டு ஆர்த்ரோகிராம் கிளெய்ம்களைத் திருத்தி அனுப்பக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் மையத்துக்காக நீங்கள் இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் ஆர்த்ரோகிராம் (மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) கிளெய்ம்கள் திரும்பத் திரும்ப டினையல் ஆகின்றன, அதாவது மறுக்கப்படுகின்றன. பணம் வந்துவிட்ட கிளெய்ம்களிலும் கோடு (செய்த வேலையைக் குறிக்கும் பில்லிங் எண்) தப்பாக இருப்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. ரேடியாலஜிஸ்ட் எழுதிய ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், அப்பாயின்ட்மென்ட் பட்டியலில் உள்ள பெயரை வைத்தே உங்கள் ஆட்கள் கோடு போடுகிறார்கள்.

தோள்பட்டை எம்ஆர் ஆர்த்ரோகிராமைப் பாருங்கள். ஃப்ளோரோஸ்கோப்பியில் (நேரலை எக்ஸ்ரேயில்) பார்த்தபடி மூட்டுக்குள் ஊசி இறக்கி, கான்ட்ராஸ்ட் (படத்தில் மூட்டைத் தெளிவாகக் காட்டும் மருந்து) செலுத்தி, பிறகு எம்ஆர்ஐ எடுக்கிறோம். ஊசிக்கு 23350, ஃப்ளோரோவுக்கு 77002, எம்ஆர்ஐக்கு 73222. நீங்கள் இதோடு 73040-ஐயும் சேர்த்திருக்கிறீர்கள். கான்ட்ராஸ்ட் நிறைந்த மூட்டை எக்ஸ்ரேயாகவே படம்பிடித்து, அதற்குத் தனியாக விளக்கம் எழுதினால் போட வேண்டியது அது. ஃப்ளோரோ அதற்குள்ளேயே அடக்கம் என்பதால் ஒரே மூட்டுக்கு 73040, 77002 இரண்டையும் கேட்க முடியாது. சில கிளெய்ம்களில் 73222-க்குப் பதில் 73223 இருக்கிறது. கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரு முறை, செலுத்திய பின் ஒரு முறை என இரண்டும் எடுத்தால்தான் 73223. நாங்கள் ஊசிக்கு முன் எம்ஆர்ஐ எடுப்பதே இல்லை.

இதையும் விட மோசம் 20610. பெரிய மூட்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதற்கோ மருந்து செலுத்துவதற்கோ உரிய கோடு அது. குத்தியது ஒரே மூட்டில், ஒரே ஊசி. 23350 போட்ட பிறகு 20610-க்கு அங்கே வேலை இல்லை. இன்ஷூரன்ஸ் மறுத்ததும் 59 மாடிஃபயரை (கோடோடு சேர்க்கும் துணைக்குறியை) ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். வேறு இடத்தில் தனியாகச் செய்த வேலைக்கு உரியது 59. இங்கே அதை ஒட்டினால், போடாத இரண்டாவது ஊசியைப் போட்டதாக எங்கள் பெயரில் எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

கான்ட்ராஸ்ட் கணக்கும் தப்பு. காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்துக்கான ஏ9579-க்கு 1 யூனிட் என்றால் 1 மிலி காடோலினியம். மூட்டுக்குப் போவது நன்றாக நீர்த்த கலவை: 20 மிலி சலைனில் சுமார் 0.1 மிலி காடோலினியம். அந்தக் கலவையில் 12 மிலி செலுத்தியதாக ரிப்போர்ட்டில் இருந்தால், நீங்கள் 12 யூனிட் போடுகிறீர்கள். அதில் பெரும்பகுதி வெறும் உப்புநீர்! குப்பியில் மிஞ்சிக் கொட்டியதையும் கேட்பதாக இருந்தால் அந்த அளவு பதிவில் இருக்க வேண்டும்.

முழங்கால் கிளெய்ம்களில் ஊசிக்கு இன்னமும் 27370 வருகிறது. 2019 ஜனவரியிலேயே அந்தக் கோடு நீக்கப்பட்டு 27369 வந்துவிட்டது. உங்கள் டெம்ப்ளேட்டை யாரும் தொடவில்லை என்று தெரிகிறது. இடுப்பு மூட்டுக்கு, ரிப்போர்ட்டில் லிடோகெய்ன் என்ற பெயரைக் கண்டதும், மயக்க மருந்தோடு போடும் ஊசிக்கான 27095 போடுகிறார்கள். தோலை மரத்துப்போகச் செய்யும் லோக்கல் ஊசி மயக்க மருந்துக் கணக்கில் சேராது, மயக்க மருந்து இல்லாத ஊசிக்கான 27093-தான் சரி.

எங்களுக்கு வரவேண்டிய பணத்தையும் விட்டிருக்கிறீர்கள். மெஷினும் எங்களுடையது, ரிப்போர்ட் எழுதுவதும் எங்கள் ரேடியாலஜிஸ்ட். எனவே எம்ஆர்ஐ கோடு மாடிஃபயர் இல்லாமல் முழுசாகப் போக வேண்டும். 26 ஒட்டியதால் ரிப்போர்ட்டுக்கான தொகை மட்டும் வந்தது, மெஷினுக்கான டெக்னிக்கல் பங்கு நின்றுவிட்டது. இன்னொரு கிளெய்மில் ஊசிக்கு ஆர்டி (வலது), எம்ஆர்ஐக்கு எல்டி (இடது), நோய்க் கோடு எம்25.511. அது வலது தோள்பட்டை வலி. இடது பக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் கூடுதலாக வாங்கியது தெரியவந்தால் 60 நாளுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு உங்களுடையது அல்ல, எங்களுடையது. குறைவாகக் கேட்டதைத் திருத்தவும் காலக்கெடு உண்டு. எனவே 23350, 27093, 27095, 27369, 27370 வந்த எல்லா கிளெய்ம்களையும் ரிப்போர்ட்டோடு வரிவரியாக ஒப்பிட்டு, கூடுதலாக வந்தது, குறைவாக வந்தது என இரண்டு பட்டியலாக அனுப்புங்கள். 59 போட்டவை முதலில் வரட்டும். அவை கைக்கு வரும்வரை எங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒரு ஆர்த்ரோகிராம் கிளெய்மும் வெளியே போகக் கூடாது. தவறான கிளெய்ம்களுக்கு நீங்கள் பிடித்த கமிஷனை அடுத்த இன்வாய்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகம், இமேஜிங் மையம்