கட்டிங் டேபிளையும் மெஷின் டேபிளையும் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி

அனுப்புநர்:
வீட்டில் தையல் தொழில் செய்பவர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வீட்டு மரச்சாமான் விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

ஐயா,

உங்கள் இணையதளத்தில் தையல் அறைக்கென்று விற்ற கட்டிங் டேபிள், மெஷின் டேபிள், சுவர் அலமாரி மூன்றையும் முழுப் பணமும் கட்டி வாங்கினேன். பில் நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன். அலமாரியில் குறையில்லை, நூல்கண்டும் பாபினும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. மற்ற இரண்டும் எனக்கு வேண்டாம்.

கட்டிங் டேபிளின் உயரம் 36 அங்குலம் என்று விளம்பரத்தில் இருக்கிறது. வந்திருப்பது 30. அது உட்கார்ந்து தைக்கிற உயரம். நின்று வெட்டுகிறவர் அதில் குனிந்தே கிடக்க வேண்டும். லைனிங் ஜாக்கெட் இரண்டு வெட்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மேசைக் காலுக்கு அடியில் கட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார் உங்கள் சேவை மைய ஊழியர். கட்டை வைத்த மேசையில் கத்தரிக்கோலை அழுத்தினால் மேசை நகராதா? இப்போது தரையில் ஜமக்காளத்தை விரித்துத்தான் வெட்டுகிறேன்.

மெஷின் டேபிள் இதைவிட மோசம். பில்லில் 'பிடபிள்யூஆர் பிளைவுட்', அதாவது கொதிநீரையும் தாங்கும் ரகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளைவுட் என்றால் வெட்டிய ஓரத்தில் அடுக்கடுக்காக வரி தெரியும். இதில் ஓரப் பட்டையை உரித்தால் உள்ளே மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகைதான் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் காணோம். துணியை விரலால் நெருடிப் பார்த்தே நாற்பதாம் நம்பர் நூலா, அறுபதா என்று சொல்கிற ஊரில் இதைப் பிளைவுட் என்று விற்கத் துணிந்திருக்கிறீர்கள்.

மோட்டார் ஓடுகிற அதிர்வில், மெஷினை மேசையோடு பிணைக்கிற கீலின் திருகாணிகள் தளர்ந்துவிட்டன. முறுக்கினால் பிடிக்காமல் சும்மா சுற்றுகின்றன. கழற்றினால் துளையிலிருந்து தூள் கொட்டுகிறது. எண்ணெய் விடுவதற்காக மெஷினைச் சாய்த்தபோது ஒரு கீல் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. கையில் தாங்கியிருக்காவிட்டால் அந்த வார்ப்பிரும்பு காலில் விழுந்திருக்கும்.

இதற்கு நீங்கள் அனுப்பிய பதில், 'தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது' என்பது. வாங்கும்போது இந்த நிபந்தனையை யாரும் சொல்லவில்லை. தையல் அறைக்கான மேசையில் தைக்காமல் வேறென்ன செய்வார்கள்? சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தெளிவாகவே சொல்கிறது. இணையவழி விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியதும் உங்கள் பொறுப்பு.

இரண்டு மேசைகளையும் உங்கள் செலவில் எடுத்துச் சென்று, அவற்றின் விலையையும் பொருத்துக்கூலியையும் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தச்சரை அனுப்பிச் சரிசெய்து தருவதாகச் சொல்ல வேண்டாம். தூள் பலகையில் எத்தனை திருகாணி அடித்தாலும் நிற்காது. மாற்று மேசையும் வேண்டாம். ஆடி முடிந்ததும் தீபாவளித் துணி வரத் தொடங்கிவிடும். அதற்குள் உள்ளூரிலேயே செய்துகொள்ளப் போகிறேன்.

மாதக் கெடு தாண்டினால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

வண்டி அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவியுங்கள். மேசை மாடியில் இருக்கிறது, படி குறுகல். தூக்க இரண்டு ஆட்களாவது வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்